சாக்கடைக்கு யார் பணம் கொடுப்பது?

காலையில் எழுந்ததும் முகம் கழுவுகிறோம். குளிக்கிறோம். துணி துவைக்கிறோம். பாத்திரம் துலக்குகிறோம். கக்கூசுக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் தெருவே கூடிவிடும். காலிக் குடத்தோடு நகராட்சிக்குப் போய் நிற்போம். ஆனால் ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது? அதை நாம் கேட்பதில்லை. வாசலில் தேங்காமல் போனால் சரி என்று இருந்துவிடுகிறோம்.

ஒரு கணக்குப் போடுவோமா? நோட்டை எடுத்து நீங்களும் போடுங்கள்.

50 ஆயிரம் பேர் வாழும் ஒரு சின்ன ஊர். பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும். இது அரசாங்கப் பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. 50 ஆயிரத்தை 135 ஆல் பெருக்குங்கள். 67 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர் வருகிறது. இதில் நூற்றுக்கு 80 பங்கு கழிவுநீராகத் திரும்பி வரும். அதாவது 54 லட்சம் லிட்டர். ஒரு தண்ணீர் லாரி 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 450 லாரி கழிவுநீர்! ஒரு நாளைக்கு மட்டும் இவ்வளவு. நாளைக்கும் இவ்வளவு வரும். தீபாவளிக்கும் லீவு கிடையாது.

இந்த 450 லாரி தண்ணீரும் ஏரிக்கோ ஆற்றுக்கோ போகிறது. ஆற்றின் கீழ்ப்பக்கம் இன்னொரு ஊர் இருக்கிறது. அந்த ஊரின் குடிநீர்க் கிணறும் அதே ஆற்றில்தான் இருக்கும். வயிற்றுப்போக்கு, காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் இந்த வழியாகத்தான் வருகின்றன. நம் ஊருக்கு மேலேயும் ஓர் ஊர் இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டு நகரங்களின் நிலைமை என்ன? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதைக் குடக் கணக்கில் சொல்கிறேன். நகரங்களில் 100 குடம் கழிவுநீர் உண்டாகிறது. அதில் 44 குடத்தைச் சுத்தம் செய்யும் அளவுக்கு நிலையங்கள் கட்டியிருந்தார்கள். உண்மையில் சுத்தமானது 28 குடம்தான்.

மீதி 16 குடம் என்ன ஆயிற்று? கட்டிய நிலையம் இருக்கிறது. ஆனால் சில ஊர்களில் அது ஓடவில்லை. சில ஊர்களில் வீடுகளை இணைக்கும் குழாய் வரவில்லை. சில ஊர்களில் அரைகுறையாக ஓடுகிறது. அந்தக் கணக்கின்படி 102 நிலையங்கள் சும்மா நின்றன. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டியவை. ஏன் நின்றன? இதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி.

சுத்திகரிப்பு நிலையத்துக்கு இரண்டு செலவு இருக்கிறது. ஒன்று, கட்டும் செலவு. பள்ளம் தோண்ட, குழாய் பதிக்க, தொட்டி கட்ட, மோட்டார் வாங்க ஆகும் பணம். இது ஒரே தடவைதான் வரும். இன்னொன்று, ஓட்டும் செலவு. கரண்ட் பில், ஆட்களுக்குச் சம்பளம், கிருமியைக் கொல்லும் குளோரின், பழுது பார்ப்பது. இது மாதாமாதம் வரும். இதில் கரண்ட் பில்தான் பெரும்பாலும் பெரிய தொகை. கழிவுநீரில் இருக்கும் அழுக்கைத் தின்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மூச்சு விடக் காற்று வேண்டும். பெரிய பெரிய மோட்டார் வைத்து இரவும் பகலும் தண்ணீருக்குள் காற்றை ஊதுகிறார்கள். மோட்டார் நின்றால் அந்த உயிர்கள் சாகும். தண்ணீர் அழுக்காகவே வெளியே போகும்.

எங்கள் வகுப்பில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் இதைக் கேட்டதும் சொன்னார்: "வீட்டைக் கட்டி, லைட்டெல்லாம் போட்டுக் கொடுத்துட்டு, கரண்ட் பில் கட்டாமப் போனா இருட்டுலதானே உட்காரணும்?"

கங்கை நதியில் நடந்தது இதுதான். 1986-ல் கங்கை செயல் திட்டம் தொடங்கியது. கரையோர நகரங்களில் நிலையங்கள் கட்டினார்கள். கட்ட மத்திய அரசு பணம் கொடுத்தது. ஓட்டும் செலவு பிறகு மாநில அரசின் தலையிலும் நகராட்சிகளின் தலையிலும் விழுந்தது. அவர்கள் கையில் பணம் இல்லை. போதாக்குறைக்குக் காசி போன்ற ஊர்களில் பல மணி நேரம் மின்வெட்டு. மோட்டார் நின்றபோதெல்லாம் கழிவுநீர் நேராகக் கங்கைக்குப் போயிற்று. நிலையம் இருந்தும் ஆறு அழுக்காகவே ஓடியது.

இந்த வேலை யாருடைய பொறுப்பு? 1992-ல் அரசியல் சட்டத்தில் 74-வது திருத்தம் வந்தது. 1993 ஜூன் முதல் அது நடைமுறைக்கு வந்தது. நகராட்சிக்கு மாநில அரசு ஒப்படைக்கக்கூடிய வேலைகள் என்று 18 வேலைகளை அது பட்டியல் போட்டது. குடிநீரும் சுகாதாரமும் அதில் உண்டு. ஆனால் வேலையைக் கொடுத்த அளவுக்குப் பணம் கொடுக்கவில்லை. சின்ன ஊர் நகராட்சிக்கு வருமானம் எங்கிருந்து வரும்? வீட்டு வரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை, தண்ணீர்க் கட்டணம். பல ஊர்களில் இது ஊழியர் சம்பளத்துக்கே சரியாகப் போய்விடுகிறது.

ஆனாலும் சட்டம் விடுவதில்லை. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் கடமையிலிருந்து நகராட்சிகள் நழுவ முடியாது என்றது. பணம் போதாவிட்டால் பயன்படுத்துபவர்களிடம் கட்டணம் வாங்கலாம் என்றது. அதற்கும் வழி செய்யாவிட்டால் மாநில அரசு பணம் தர வேண்டும் என்றது. அதே ஆண்டு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், வெளியே விடும் தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று புதிய அளவுகளை அறிவித்தது. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அவற்றை இன்னும் கடுமையாக்கியது. அதனால் புதிய நிலையம் கட்டினால் மட்டும் போதாது. பழைய நிலையங்களையும் மேம்படுத்த வேண்டும்.

அபராதமும் உண்டு. நிலையம் கட்டும் வேலையைத் தொடங்காமல் இருந்தால் ஒரு நிலையத்துக்கு மாதம் 5 லட்சம் ரூபாய். கெடுவுக்குள் கட்டி முடிக்காவிட்டால் மாதம் 10 லட்சம் ரூபாய். தீர்ப்பாயம் 2019-ல் போட்ட உத்தரவு இது. மாதம் 10 லட்சம் என்றால் வருடத்துக்கு 1 கோடியே 20 லட்சம். இந்த அபராதத்தைச் சேர்மன் தன் சட்டைப் பையிலிருந்து கட்டப் போவதில்லை. அதுவும் ஊர்ப் பணம்தான். கட்டினாலும் செலவு, கட்டாவிட்டாலும் செலவு.

சரி, பணத்துக்கு என்ன வழி? முதலில் கட்டும் செலவைப் பார்ப்போம்.

பெரும்பாலான சின்ன ஊர்கள் மானியத்தைத்தான் நம்பியிருக்கின்றன. மானியம் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம். 2021 அக்டோபரில் தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கியது. ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள் உள்ள ஊர்களின் கழிவுநீருக்கு முதல் தடவையாக அதில் தனிப் பணம் ஒதுக்கினார்கள். இந்த ஊர்களுக்குச் செலவில் பாதியை மத்திய அரசு தரும். மலை மாநிலங்களுக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் நூற்றுக்கு 90 பங்கு தரும். மீதியை மாநிலமும் நகராட்சியும் போட வேண்டும். பெரிய ஊர்களுக்கு அம்ருத் என்ற வேறு திட்டம். இவை தவிர நிதிக் குழுப் பணம் உண்டு. 15-வது நிதிக் குழு 2021 முதல் 2026 வரை சின்ன ஊர்களுக்குத் தரச் சொன்ன பணத்தில் ஒரு பங்கைச் சுகாதாரத்துக்கும் ஒரு பங்கைக் குடிநீருக்கும்தான் செலவழிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தது. வேறு செலவுக்கு எடுக்க முடியாது.

அடுத்தது கடன். சின்ன ஊர் தனியாகப் போய்க் கேட்டால் யாரும் எளிதில் கடன் தருவதில்லை. நமக்கு இது தெரிந்த கதைதான். ஒரு பெண் தனியாக வங்கிக்குப் போனால் ஜாமீன் கேட்பார்கள். பத்துப் பதினைந்து பெண்கள் சுய உதவிக் குழுவாகப் போனால் கடன் கிடைக்கும். ஊர்களும் இப்படிச் சேர்ந்து கடன் வாங்கியிருக்கின்றன. தமிழ்நாட்டில் 13 சின்ன ஊர்கள் குடிநீர், சுகாதார வேலைகளுக்காக ஒன்றாகச் சேர்ந்தன. 2002-ல் ஒரு கூட்டு நிதியின் பெயரில் கடன் பத்திரம் வெளியிட்டு 30 கோடியே 41 லட்சம் ரூபாய் திரட்டினார்கள். கர்நாடகத்தில் பெங்களூரைச் சுற்றியிருந்த 8 ஊர்கள் 2005-ல் இதே வழியில் குடிநீருக்காக 100 கோடி ரூபாய் திரட்டின. நல்ல வழி. ஆனால் நாட்டில் அதிகம் பரவவில்லை. மானியம் கிடைக்கும் என்று காத்திருக்கும்போது யார் வட்டிக்கு வாங்குவார்கள்?

மூன்றாவது வழி, கம்பெனியைக் கட்டச் சொல்வது. பழைய கங்கைத் திட்டத்தில் பட்ட அனுபவத்திலிருந்து இது வந்தது. கம்பெனி நிலையத்தைக் கட்டும். கட்டும்போது செலவில் நூற்றுக்கு 40 பங்கைத்தான் அரசு கொடுக்கும். மீதி 60 பங்கை 15 வருடத்தில் வட்டியோடு சிறிது சிறிதாகக் கொடுக்கும். அந்த 15 வருடமும் அதே கம்பெனிதான் நிலையத்தை ஓட்ட வேண்டும். ஓட்டும் செலவும் தனியாகக் கிடைக்கும். தண்ணீர் சரியாகச் சுத்தமாகாவிட்டால் பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். கூரை ஒழுகாமல் இருந்தால்தான் பாக்கிக் கூலி என்று கொத்தனாரிடம் பேசுவது போல. கங்கைக் கரையில் ஹரித்துவாரில் ஜக்ஜீத்பூர் என்ற இடத்தில் நாள் ஒன்றுக்கு 6 கோடியே 80 லட்சம் லிட்டர் சுத்தம் செய்யும் நிலையம் 2020 செப்டம்பரில் திறக்கப்பட்டது. இந்த முறையில் நாட்டில் முதலில் கட்டி முடித்தது அதுதான். அங்கே 15 வருடத்துக்கும் பணம் மத்திய அரசுடையது. கங்கை பெரிய நதி, புண்ணிய நதி. அதற்குப் பணம் வருகிறது. பெயர் தெரியாத சின்ன ஆற்றின் கரையில் உள்ள ஊருக்கு இப்படி 15 வருடத்துக்கு யார் கொடுப்பார்கள்?

நான்காவது வழி, மக்களே முன்பணம் போடுவது. இதைச் செய்து காட்டிய ஊர் ஆலந்தூர். சென்னையை ஒட்டிய ஊர் அது. அன்றைக்குத் தனி நகராட்சி. 1991 கணக்கெடுப்பில் சுமார் 1 லட்சத்து 25 ஆயிரம் பேர். பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். மழை வந்தால் நிரம்பி வழியும். கொசுவுக்குச் சொல்லவே வேண்டாம்.

1996-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஆர்.எஸ்.பாரதி நகராட்சித் தலைவர் ஆனார். பாதாளச் சாக்கடை போடலாம் என்று நகராட்சி முடிவு செய்தது. மொத்தச் செலவு சுமார் 34 கோடி ரூபாய். நகராட்சியிடம் அவ்வளவு பணம் ஏது? பாதிக்கு மேல் அரசு நிறுவனங்களிடம் கடன் வாங்கினார்கள். கொஞ்சம் மானியம் கிடைத்தது. மிச்சத்துக்கு மக்களிடம் போனார்கள். ஒரு வீட்டுக்கு 5 ஆயிரம் ரூபாய் டெபாசிட். கடைக்கும் தொழில் இடத்துக்கும் 10 ஆயிரம் ரூபாய்.

அந்தக் காலத்தில் 5 ஆயிரம் ரூபாய் என்பது கூலி வேலை செய்பவருக்கு இரண்டு மூன்று மாதக் கூலி. அதுவும் குழி வெட்டுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நம் ஊரில் யாராவது வந்து இப்படிக் கேட்டால் என்ன சொல்வோம்? "முதல்ல வேலையை ஆரம்பிங்க, அப்புறம் பார்க்கலாம்" என்போம். ஆலந்தூரிலும் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். நகராட்சிக்காரர்களும் குடியிருப்போர் நலச் சங்கத்தாரும் வீடு வீடாகப் போனார்கள். கூட்டம் போட்டு விளக்கினார்கள். வசூலான பணத்தை நகராட்சியின் மற்றப் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைத்தார்கள். இதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. தான் கொடுத்த பணம் சாக்கடைக்குத்தான் போகும், வேறு எதற்கும் போகாது என்று தெரிந்தால் ஜனங்கள் கொடுப்பார்கள். ஒரேயடியாகக் கட்ட முடியாதவர்கள் தவணையில் கட்டவும் வழி செய்தார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள் பணம் கட்டின.

2000-ல் வேலை தொடங்கியது. சுத்திகரிப்பு நிலையத்தை ஒரு தனியார் கம்பெனி தன் பணத்தில் கட்டியது. சுத்தம் செய்யும் தண்ணீரின் அளவுக்கு ஏற்ப நகராட்சி அதற்குப் பணம் கொடுத்தது. அந்தப் பணம் வீடுகளிடம் வாங்கிய மாதக் கட்டணத்திலிருந்து வந்தது. அதாவது இரண்டாவது செலவுக்கும் முதலிலேயே வழி யோசித்துவிட்டார்கள். 2011-ல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் நாட்டில் எங்கே பாதாளச் சாக்கடைப் பணத்தைப் பற்றிப் பேசினாலும் ஆலந்தூர் பெயர் வராமல் இருக்காது.

எல்லா ஊருக்கும் பாதாளச் சாக்கடை வேண்டுமா? வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் சின்ன ஊரில் தெருவெல்லாம் தோண்டிக் குழாய் பதிப்பது பெரிய செலவு. அங்கே செப்டிக் டேங்க்கையே ஒழுங்காகக் காலி செய்து, அந்தக் கசடை ஒரு சின்ன நிலையத்தில் சுத்தம் செய்தால் கையைக் கடிக்காது. மகாராஷ்டிர மாநிலத்தில் கிருஷ்ணா நதிக்கரையில் வாய் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரே அப்படித்தான்! 2011 கணக்கெடுப்பில் சுமார் 36 ஆயிரம் பேர். அந்த நகராட்சி 2018-ல் ஒரு முறையைத் தொடங்கியது. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வீட்டின் செப்டிக் டேங்க்கையும் முறை வைத்துக் காலி செய்வது. காஸ் சிலிண்டர் வீடு தேடி வருவது போல லாரி வீடு தேடி வரும். லாரி வரும்போது பணம் கேட்க மாட்டார்கள். வீட்டு வரியிலும் சுகாதார வரியிலும் அது அடங்கிவிடும். லாரிக்காரருக்கு அவர் காலி செய்த அளவுக்கு நகராட்சி பணம் கொடுக்கும். நிலையம் கட்ட ஓர் அறக்கட்டளை உதவியது. ஓட்டும் செலவு ஊரின் வரியில் நடக்கிறது. நாசிக் மாவட்டத்தில் உள்ள சின்னார் என்ற ஊரும் இதே வழியில் போயிருக்கிறது.

மற்ற ஊர்களில் என்ன நடக்கிறது? செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்த பிறகுதான் லாரியைக் கூப்பிடுகிறோம். கேட்ட காசு கொடுக்கிறோம். லாரிக்காரர் இருட்டில் ஏதாவது ஓடையில் கொட்டிவிட்டுப் போகிறார். லாரி கிடைக்காத இடத்தில் ஓர் ஆளை உள்ளே இறக்குகிறார்கள். இது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விஷ வாயு தாக்கி எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இயந்திரத்துக்குச் செலவழிக்க மனம் வராத ஊரில் அந்தச் செலவை ஒரு தொழிலாளியின் குடும்பம் சுமக்கிறது.

சுத்தம் செய்த தண்ணீரை விற்கலாமே என்று சிலர் கேட்பார்கள். விற்கிறார்கள். சூரத் நகரம் துணி ஆலைகளுக்கு விற்கிறது. நாக்பூர் அனல் மின் நிலையத்துக்குக் கொடுக்கிறது. இவை பெரிய நகரங்கள். பக்கத்தில் ஆலை இல்லாத சின்ன ஊரில் வாங்க ஆள் வேண்டுமே! விவசாயத்துக்கு விடலாம். நல்லதுதான். ஆனால் அதில் நகராட்சிக்குப் பெரிய வருமானம் வராது.

ஆகவே மாதாமாதம் ஆகும் செலவு சுற்றிச் சுற்றி நம்மிடம்தான் வருகிறது. கட்டணம் வாங்கட்டும், தப்பில்லை. எப்படி வாங்குகிறார்கள் என்பதுதான் கேள்வி. ஒற்றை அறை வீட்டுக்கும் மூன்று மாடி வீட்டுக்கும் ஒரே கட்டணம் போட்டால் அது நியாயமா? லாட்ஜும் கல்யாண மண்டபமும் ஒரே நாளில் விடும் கழிவுநீரை ஒரு குடிசை பல நாளில்கூட விடாது. வீட்டின் பரப்புக்கு ஏற்பவோ, தண்ணீர் செலவழிக்கும் அளவுக்கு ஏற்பவோ போட்டால் ஏழைகளுக்குச் சுமை குறையும். குழாய் இணைப்புக்கு ஒரே தடவையில் பெரிய தொகை கேட்பதும் ஏழைகளை ஒதுக்கிவிடும். அவர்கள் வீடு இணையாவிட்டால் அந்தத் தெருச் சாக்கடை பழையபடி ஆற்றுக்குத்தான் போகும். இணைப்பு இல்லாத தெருவில் சாக்கடைக் கட்டணம் வசூலித்தால் அதையும் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு நகராட்சியும் வருடா வருடம் பட்ஜெட் போடுகிறது. கவுன்சிலர்கள் கூட்டத்தில் அதை வைப்பார்கள். கழிவுநீருக்கு எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு, கடன் பாக்கி எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேட்டுப் பாருங்கள். புதிதாக நிலையம் கட்டப் போகிறார்கள் என்றால், "கட்டின பிறகு கரண்ட் பில் எந்தக் கணக்கிலிருந்து கட்டுவீங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேட்கலாம். ஒரு வெள்ளைத் தாள் போதும். உங்கள் பெயர், முகவரி எழுதி, என்ன தகவல் வேண்டும் என்று நாலு வரியில் எழுதுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கொடுத்ததற்கு ரசீது வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.